ஃப்ரீ கிக் என்றால் அம்மாவைக் கூப்பிடு

ஊரில் யாராவது வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து வாசலில் நின்றால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்து "அம்மா, ஃப்ரீ கிக்!" என்று கத்தினாலும் அதே மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அம்மாவுக்குக் கைராசி உண்டு என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதை அம்மாவும் நம்பினாள். நான் நம்பவில்லை. ஆனால் கோல் விழுந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

குத்தாலத்திலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். புதிதாக யார் கடை போட்டாலும் அம்மாதான் முதலில் போய் ஒரு சோப்பாவது வாங்க வேண்டும். எதிர்வீட்டு அத்தை மாவடு போட்டால் முதல் கை உப்பு அம்மாவுடையது. எல்லாவற்றையும்விடப் பெரிது நடவு. நடவு தொடங்கும் அன்று காலை வயல்காரர் வீட்டிலிருந்து தட்டோடு வந்து அழைப்பார்கள். அம்மா குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய், நாற்று முடியைப் பிரித்து, வயலின் ஈசானிய மூலையில் முதல் நாற்றைக் குத்துவாள். நட வந்த பெண்கள் குலவையிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். முதல் குத்து யார் கை என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது என்று எங்கள் ஊரில் சந்தேகமில்லாமல் பேசுவார்கள்.

எங்களுக்கென்று வயல் கிடையாது. இருந்த நான்கு மா நிலத்தையும் விற்றுத்தான் அப்பா சிங்கப்பூருக்குப் போனார், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு. விற்ற நிலம் வேறொருவர் பெயரில் பஸ் போகும் வழியிலேயே இருந்தது. அம்மா பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார மாட்டாள். நெல்லோடு அவளுக்கு மிஞ்சியிருந்த உறவு வருஷத்துக்கு நாலைந்து முறை அடுத்தவர் வயலில் குத்தும் அந்த ஒற்றை நாற்றுதான். அப்போது நான் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. அறிவியலில் நல்ல மார்க் வாங்கும் திமிரில், "உன் கை பட்டா யூரியா ஊறுதா?" என்று கேட்டு வம்புக்கு இழுப்பேன். "வாய் மட்டும் உங்க அப்பாவுக்கும் சேத்து உனக்கே வச்சிருக்கு" என்பாள் அம்மா. அப்பா போனில்கூட அதிகம் பேசாதவர்.

நான் ஒன்பதாவது படித்தபோது லீவில் வந்த அப்பா ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். கூட வேலை பார்த்தவர் யாரோ ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அதோடு இருந்தது ஒரே ஒரு சிடி, கால்பந்து. "கிரிக்கெட் இல்லையாப்பா?" என்றேன். "இதாம்மா இருந்துச்சு" என்றார். பேச்சு முடிந்தது. கபடியும் கிரிக்கெட்டும் தவிர எதுவும் தெரியாத ஊரில் நான் கால்பந்து கற்றுக்கொண்டது இப்படித்தான். திரையில் வரும் எழுத்துகள் சீனமோ ஜப்பானோ, ஒன்றும் புரியாது. எதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அம்மா அந்தப் பெட்டிக்கு மிஞ்சிய ஜாக்கெட் துணியில் உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜை அன்று தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில் அதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். சந்தனம் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் பொத்தான் இடுக்கில் போய்க் காய்ந்து, இரண்டு நாள் என் ஆட்டக்காரர்கள் ஒருவரும் வலது பக்கம் திரும்பவில்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அத்தை என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவது எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. வராதது ஃப்ரீ கிக்தான். எதிரணிக்காரன் தள்ளிவிட்டால் விசில் ஊதும். எல்லாம் நின்றுவிடும். பந்து ஓரிடத்தில் இருக்கும். கோலுக்கு முன்னால் நாலைந்து பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நிற்பார்கள். நாம் குறிபார்த்து, சதுரம் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும். திரையின் அடியில் ஒரு சின்னக் கோடு சிவப்பாக நிரம்பும். கோல் தூரத்தில் இருக்கிறதே என்று நான் கட்டைவிரல் வெளுக்கிற வரைக்கும் அழுத்திப் பிடிப்பேன். பந்து பார்வையாளர் மாடத்தில் போய் விழும். ஒரு நாள் காலையில் தொடங்கி மத்தியானம் வரை அடித்த அத்தனையும் ஆகாயத்துக்கே போயின. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து முறத்தோடு குறுக்கே வந்த அம்மாவிடம், "நீதான் பெரிய ராசிக்காரியாச்சே, நீ அழுத்து!" என்று கன்ட்ரோலரை நீட்டினேன்.

கிண்டலாகத்தான் நீட்டினேன். அம்மா முறத்தை இறக்கி வைத்தாள். வலது கையை முந்தானையில் துடைத்தாள். வாங்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் குறியை வைத்துக் கொடுத்தேன். அவள் நாற்றைச் சேற்றில் குத்துகிற மாதிரியே இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாள். பந்து சுவராக நின்றவர்கள் தலைக்கு மேலே ஏறி, இறங்கி, வலையில் போய் விழுந்தது. "விழுந்துட்டுதா?" என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஃப்ரீ கிக் என்றால் அம்மாதான். எல்லாம் விழாது. ஆனால் என்னைவிட அவளுக்கு நிறைய விழுந்தது. என்னோடு ஆட வந்தவன் எதிர்வீட்டு அத்தை மகன், என் வகுப்புதான். "அத்தைய கூட்டிட்டு வந்து அடிக்கிறதெல்லாம் செல்லாது" என்று முதலில் சண்டை போட்டான். "உங்க வயலுக்கு மட்டும் செல்லுதா?" என்று கேட்டேன். பிறகு தனக்கு ஃப்ரீ கிக் கிடைத்தாலும், "அத்தை, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்று கூப்பிட ஆரம்பித்தான். அம்மா பாரபட்சமில்லாமல் இரண்டு பேருக்கும் அடித்துக் கொடுப்பாள்.

அடுத்த வருஷம் மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவுக்காவது தண்ணீர் வரும் என்று எதிர்வீட்டில் நட்டார்கள். முதல் நாற்று அம்மா குத்தியது. கதிர் தலைகாட்டும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு பயிர் கருகியது. அதற்கு அடுத்த வருஷமும் அம்மாதான் குத்தினாள். அந்த முறை கார்த்திகை மழை விடாமல் கொட்டி, பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. கருகியதும் அழுகியதும் எதிர்வீட்டு வயல் மட்டுமா? சுற்றுவட்டாரம் முழுக்க அதே கதைதான். ஆனால் கருகியதும் அழுகியதும் ஒரே கை நட்ட வயல் என்று யாரோ எங்கேயோ பேசியிருக்கிறார்கள். எங்கள் முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் காலாண்டுப் பரீட்சை லீவில் எதிர்வீட்டில் நடவு. முந்தின நாள் மாலையே நாற்று முடிகள் வரப்பில் வந்து இறங்கியிருந்தன. அம்மா காலையில் ஆறு மணிக்கே குளித்து, பச்சைச் சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துத் தயாராக இருந்தாள். எனக்கு இட்லி ஊற்றினாள். வாசலுக்குப் போய் ஏற்கெனவே போட்ட கோலத்தில் ஒரு புள்ளியைச் சரிசெய்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். எட்டு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. "தட்டுக்கு வெத்தல வாங்கப் போயிருப்பாங்க" என்று என்னிடம் சொன்னாள், நான் கேட்காமலேயே.

ஒன்பது மணிக்குக் கொல்லைக்குப் பின்னால் எதிர்வீட்டு வயல் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தேன். அத்தையை நடு வயலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் அவ்வளவு இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. "போவாத. அவங்க வயிறு எரிஞ்சிருக்கு. அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க" என்றாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து அரிசி களைய ஆரம்பித்தாள். பூவையும் எடுத்திருந்தாள். அந்தப் பூ ஜன்னல் விளிம்பில் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் எதிர்வீட்டுப் பையன் வழக்கம்போல ஆட வந்தான். காலில் சேறு காய்ந்திருந்தது. கையில் ஒரு தூக்கு. "அம்மா சர்க்கரைப் பொங்கல் குடுத்து விட்டுச்சு" என்று தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினான். நான் வாங்கவில்லை. ஆட்டத்தைப் போட்டேன். அன்று நான் ஆடியது ஆட்டமே இல்லை. அவன் ஆட்களில் பந்து இருப்பவனையும் இல்லாதவனையும் தள்ளித் தள்ளி விழுத்தினேன். ஆளுக்கு ஒரு கோல் ஆகி, முடியப் போகிற நேரத்தில், கோலுக்கு வெகு பக்கத்தில் எனக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது.

"அம்மா, ஃப்ரீ கிக்!"

"நீயே அடி" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"வாம்மா."

"வேணாம்னா விடேன். இந்தக் கைய வச்சு இன்னமே என்னத்த ஆவப்போவுது."

இதை அவன் கேட்டான். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றான். "வாங்க அத்தை. நீங்க அடிச்சாதான் நான் ஆட்டத்த ஒத்துக்குவேன்" என்றான். விழுந்தால் தோற்பது அவன்தான். அம்மா வந்து உட்கார்ந்தாள். இந்த முறை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. நான் குறிவைத்துக் கொடுத்தேன். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பொத்தானை லேசாகத் தொட்டு விரலை எடுத்துவிட்டாள். பந்து தலைக்கு மேல் எழும்பவே இல்லை. நேரே போய்ச் சுவராக நின்றவன் இடுப்பில் பட்டுத் திரும்பி வந்தது.

"செல்லாது அத்தை! நான்தான் தெரியாம என் ஆள நகத்திட்டேன். இன்னொரு தடவ அடிங்க" என்றான் அவன்.

"நீ அத கீழல்ல வச்சிருந்த. எனக்காவ பொய் சொல்லாதப்பா" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நான் அவனைத் தூக்கோடு சேர்த்து வீட்டுக்கு விரட்டினேன். பாவம், அந்த ஊரில் அன்று அம்மாவை அழைக்க வாசலில் வந்து நின்றவன் அவன் ஒருவன்தான். அது எனக்கு அன்று உறைக்கவில்லை. நானாகக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்த ஒன்றாவது மிஞ்சியிருக்குமே என்றுதான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அதற்கடுத்த வாரம் ஆசிரியர் கூட்டம் என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் உள்ளே கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது, டிவியிலிருந்து வரும் அந்தப் போலிக் கூட்டத்தின் இரைச்சல். எதிர்வீட்டுக்காரன்தான் என் பெட்டியைத் தொட்டுவிட்டான் என்று சண்டைக்குத் தயாராக எட்டிப் பார்த்தேன்.

அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஃப்ரீ கிக் மட்டும் அடித்துப் பழகும் ஒரு பகுதி அதில் உண்டு. எதிராளி கிடையாது, நேரம் கிடையாது. அதை எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியவில்லை. அடித்தாள். சுவரில் பட்டது. மறுபடி அடித்தாள். மேலே போயிற்று. மறுபடி அடித்தாள். கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. அவள் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. புளி ஆய்கிற மாதிரி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் திரும்பாமல் சொன்னாள்:

"பாரேன். எங்க போய் விழுந்தாலும் திரும்ப அங்கயே கொண்டாந்து வச்சுடுறான்."

நாற்று ஒரு தடவைதான். போனால் அடுத்த வருஷம், அதுவும் யாராவது அழைத்தால். பையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் அடியில் நிரம்பும் சிவப்புக் கோட்டை அவளுக்குக் காட்டினேன். அவள் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. ஏதோ அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். அது பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும்போது விடச் சொன்னேன். முதல் தடவை தவறியது. இரண்டாவது வலையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. "அம்மா, நான் எப்பவும் கோடு முழுக்க நெரம்புற வரைக்கும் புடிச்சிருப்பேன். நீ நாத்து குத்துற மாதிரி அழுத்தி எடுப்ப. அது சரியா அந்த அளவு. அதான் உனக்கு விழுந்துது. ராசி கீசி ஒண்ணும் இல்ல" என்றேன், வாத்தியார் தோரணையில். சொன்ன பிறகு பயமாக இருந்தது. அவளிடம் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் நானே பிடுங்கிவிட்டேனோ என்று.

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். சுவராக நின்றவர்கள் அவள் அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப, அங்க கருகினதும் என் கையால இல்லதான?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அழுவுனதும்?"

"அதுவும் இல்ல."

"ம்" என்றாள். பொத்தானை அழுத்தினாள். அது விழுந்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் வைத்துக்கொண்டே எனக்கு இட்லி ஊற்றியிருக்கிறாள் என்று தெரிந்தபோது, யூரியா என்று கிண்டல் செய்த என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வருஷம் எதிர்வீட்டு அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, போன வருஷம் என் புத்தி மழுங்கிப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். "நட வர்றேங்க. ஆனா மொத குத்து நீங்களே குத்துங்க. உங்க வயல்தான" என்றாள். அன்று அம்மா வரிசையில் மற்ற பெண்களோடு நின்று சாயங்காலம் வரை நட்டாள். இடுப்பு வலி என்று ஒரு வாரம் என்னைத் தைலம் தேய்க்க வைத்தாள். ஆனால் அத்தனை சந்தோஷமாக அவள் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஊரில் படித்தவர்கள் எல்லோரும் எங்கேயோ விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம். எதிர்வீட்டுக்காரன் அதற்குள் துபாய் போயிருந்தான். நானும் வெளிநாட்டில் மேல்படிப்புக்கு ஆசைப்பட்டேன். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. ஒரே ஒரு பல்கலைக்கழகம், உதவித்தொகையோடு. விண்ணப்பத்தைப் பொங்கல் லீவில் குத்தாலத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முடித்தேன். கடைசியாக 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை வரவில்லை. வெளியே காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்த அம்மாவை உள்ளே இழுத்து வந்தேன்.

"நீ அழுத்தும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ராசி கீசி ஒண்ணும் இல்லன்னியேடி!"

"இப்பவும் இல்லதான். நீ அழுத்து."

முந்தானையில் கையைத் துடைத்தாள். "தொட்டா போதுமா, கொஞ்சம் புடிச்சுக்கணுமா?" என்று கேட்டாள். தொட்டால் போதும் என்றேன். சுட்டியின் மேல் விரலை வைத்து, நிதானமாக, ஒரு நாற்றைக் குத்துகிற மாதிரி அழுத்தி எடுத்தாள். போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் நான் தேர்வாகவில்லை என்று இரண்டே வரி இருந்தது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அழுகைதான் வந்தது. அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பயம். அழுத்தியது அவள் கை. பழையபடி, 'என் கையாலதான்' என்று ஆரம்பித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அம்மா நான் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"செவுத்துல பட்டிருக்கும்டி" என்றாள். "மொகத்த கழுவிட்டு மறுபடி அடி."